மிஸ் எர்லீன் மூன்றாவது கட்டத்தில் எழுதிய பெயர்

எங்கள் தெருமுனைக்குக் காலை ஆறு பத்துக்கு மஞ்சள் பஸ் வரும். பாஸ்டன் நகரத்தில் நாங்கள் இருக்கும் மட்டபானிலிருந்து எங்கள் கறுப்பினப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் ஆல்டன்ஃபீல்ட் பள்ளிகளில் இறக்கிவிடும். அது வெள்ளைக்காரர்களின் ஊர். அங்கே போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெற்றோர் தாங்களாகப் பெயர் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கும் இடம் அது. பன்னிரண்டு வருடம் நானும் அந்த பஸ்ஸில் போனேன். இந்த ஜூனில் பள்ளி முடிந்தது.

செப்டம்பரில் புதிதாகப் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் பெற்றோர் என் அம்மாவிடம் ரகசியமாகக் கேட்பார்கள். "அந்தம்மா யாருங்க? போலீஸ் மாதிரி கேள்வி கேக்குறாங்க. அந்த ஊர்ல யாரு வீட்டு அடுப்படி வரைக்கும் போயிருக்கேன்னு கேக்குறாங்க. எனக்கு அங்க யாரு இருக்கா?"

அப்படிக் கேட்பவர் மிஸ் எர்லீன் காஸ்கின்ஸ். எங்கள் மூன்று அடுக்கு மரவீட்டில் கீழ்த்தளம் அவருடையது, நடுத்தளம் எங்களுடையது. அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்று புதியவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரையே கேட்டேன். "நான் பொய் எழுதினதையும் சேர்த்து எழுதுறதா இருந்தா எழுது. என்னை நல்லவளாக்கி எழுதினே, கீழ இருந்து ஒட்டடைக் குச்சியால உங்க தரையை இடிப்பேன்" என்றார்.

அவருக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் அடித்தளத்தில். அறுவை அரங்குகளிலிருந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, சரிபார்த்து, நீராவியில் வைத்து எடுத்துக் கட்டி அனுப்ப வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியாது. கணவர் இல்லை. ஒரே மகள் ஸகியா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே பஸ் திட்டத்தில் பெயர் பதிந்து, ஆறு வருடம் காத்திருந்து இடம் வாங்கினார்.

இடம் கிடைத்தபோது சந்தோஷப்பட்டதைவிட அதிகமாகப் பயந்தார். தினமும் காலையில் ஸகியாவை ஏற்றிவிட்டு, பஸ் எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். சாயங்காலம் அவள் இறங்கிய பிறகுதான் கை கழுவுவார் என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தப் பயம் அவருக்கு எட்டு வயதில் வந்தது. எழுபத்து நாலில் நீதிமன்ற உத்தரவுப்படி பாஸ்டனுக்குள்ளேயே பிள்ளைகளை வேறு வேறு பகுதிப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பினார்கள். வெள்ளையர் பகுதி ஒன்றுக்குள் அவருடைய பஸ் திரும்பியதும் கல் விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணின் தலைமுடி முழுக்கக் கண்ணாடித் தூள். ஓட்டுநர் எல்லாரையும் தரையில் படுக்கச் சொன்னார். இதை அவர் ஒரே ஒரு தடவைதான் என் அம்மா வினெட்டிடம் சொன்னார், நானும் கேட்டேன். "கல்லுகூடப் பரவாயில்ல வினெட். தலையைத் தூக்கிப் பாத்தேன். ரோடு நிறைய அம்மாக்கள். எல்லாம் அவங்க பிள்ளைங்களோட அம்மாக்கள். எனக்குன்னு ஒருத்திகூட அங்க நிக்கல."

ஆல்டன்ஃபீல்டில் யாரும் கல் எறியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் எர்லீனுக்கு அந்தச் சிரிப்பையும் நம்பத் தெரியவில்லை.

பஸ் திட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நகரத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அந்த ஊரில் ஒரு துணைக் குடும்பம் இருக்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனாலோ, பனியில் பஸ் வராமல் போனாலோ பிள்ளையை அவர்கள் வந்து கூட்டிப்போவார்கள். வருடத் தொடக்கத்தில் நிரப்பித் தரும் அவசர அட்டையில் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலாவது பெற்றோர், இரண்டாவது உறவினர் அல்லது அண்டை வீட்டார், மூன்றாவது ஆல்டன்ஃபீல்டில் பிள்ளையை ஒப்படைக்கக் கூடியவர்.

இரண்டாவதில் என் அம்மா பெயர். மூன்றாவதை மிஸ் எர்லீன் காலியாக விட்டு அனுப்பினார். மிஸ்டர் பெல்லாமி அதைத் திருப்பி அனுப்பினார். அவர் ஆல்டன்ஃபீல்ட் பள்ளியில் எங்கள் பிள்ளைகளைக் கவனிக்கும் அலுவலர், சின்ன வயதில் இதே பஸ்ஸில் போனவர். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். மிஸ் எர்லீன் மறுபடி காலியாகவே அனுப்பினார். மறுபடி வட்டத்தோடு வந்தது.

"ஒரு குடும்பம் பாத்துத் தர்றேன்னு ஃபோன்ல சொல்றாரு. பாத்துத் தர்றதுக்கு இது என்ன நாய்க்குட்டியா? என் பிள்ளையை யார் வீட்டுக்கும் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"அட்டை முழுசா இல்லைன்னா இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுவாங்கடி" என்றாள் அம்மா.

அது அவர் மனதில் தைத்துவிட்டது.

அக்டோபரில் ஒரு மாலை பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. பள்ளி அனுப்பிய தனி பஸ்ஸில் அம்மாவும் அவரும் போனார்கள், என்னையும் கூட்டிப்போனார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளும், ஆப்பிள் சாறும், இலவங்கப்பட்டை பிஸ்கட்டும் இருந்தன. வாசலில் எல்லார் நெஞ்சிலும் பெயர் எழுதிய ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். சிறிது நேரத்தில் ஊர்ப் பெற்றோர் எல்லாரும் சாறு மேஜைப் பக்கமும், எங்கள் பெற்றோர் எல்லாரும் கதவுப் பக்கமும் சேர்ந்துவிட்டார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"கோட்டைக் கழட்டு எர்லீன். அடுப்பு முன்னாடி நிக்கிற மாதிரி வேர்த்து ஊத்துது உனக்கு" என்றாள் அம்மா.

"கழட்டினா திரும்பப் போட நேரமாகும்."

அப்போது சிவப்பு ஸ்கார்ஃப் போட்ட ஒல்லியான பெண் ஒருவர் இரண்டு குவளைகளோடு எங்களிடம் வந்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் 'மெரிடித் ஹால்வர்சன், ப்ரிடாவின் அம்மா' என்று இருந்தது. ப்ரிடா ஸகியாவின் வகுப்புத்தான்.

"அய்யோ, இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே!" என்றார்.

"எம்பொண்ணு தெனமும் வர்றா" என்றார் மிஸ் எர்லீன்.

அந்தப் பெண்ணின் முகம் ஸ்கார்ஃப் நிறத்துக்கு மாறியது. குவளையிலிருந்த சாறு அவர் கையிலேயே சிந்தியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார். திரும்பும் வழியில் பஸ்ஸில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மறுநாள் மூன்றாவது தடவையாக அந்த அட்டையை நிரப்பும்போது மிஸ் எர்லீன் எங்கள் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தார். வகுப்புப் பெற்றோர் பட்டியலைப் பார்த்து ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் கட்டத்தில் எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"மெரிடித் ஹால்வர்சனா? அவங்களைக் கேட்டியா?"

"கேக்க என்ன இருக்கு? கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னாங்க. இப்பக் காலியா இல்ல."

"அந்தப் பேரை ஏன் எழுதினே?"

"அந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான்."

மூன்று பேருமே சிரித்தோம். அட்டை இந்தத் தடவை திரும்பி வரவில்லை.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை. காலையில் வானம் சும்மா வெளுத்துக் கிடந்தது. பதினொரு மணிக்குப் பனி தொடங்கியது. மதியத்துக்குள் எதிர்க் கட்டடம் தெரியவில்லை. பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டார்கள். எல்லாக் கார்களும் ஒன்றாகச் சாலைக்கு வந்து, ஒன்றாக நின்றன. எங்கள் பஸ் நகரத்தை விட்டே வெளியே வர முடியவில்லை என்று சொன்னார்கள்.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் கட்டடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நகரத்துப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணிக்குப் பக்கத்து ஆரம்பப் பள்ளியிலிருந்து சின்னப் பிள்ளைகளை ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அழைத்துவந்தார்கள். பதினொரு பேர். ஸகியா இல்லை.

பட்டியலோடு வந்த டீச்சரிடம் கேட்டேன். ஸகியா பெயருக்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தது.

"அவ போயிட்டாளே. அவளோட துணைக் குடும்பம் பன்னண்டே முக்காலுக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவளுக்குத் துணைக் குடும்பமே கிடையாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மிஸ் எர்லீன் செய்தது வெளியே வரும், ஸகியாவின் இடம் போகும். ஒரு ஃபோன் பண்ணிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா, ஸகியாவை அந்த சிவப்பு ஸ்கார்ஃப்காரம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

"நீ யார்கிட்டயும் எதுவும் சொல்லாதே. நான் எர்லீன்கிட்டப் பேசுறேன்" என்று அம்மா வைத்துவிட்டாள்.

இதற்குப் பிறகு மிஸ் எர்லீனுக்கு நடந்ததை அவரும், அவரோடு வேலை செய்யும் ஃபிலோமென் என்ற ஹைத்திக்காரப் பெண்ணும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடித்தளத்தில் சுவரில் ஒரு தொலைபேசி இருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னதும் மிஸ் எர்லீன் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆல்டன்ஃபீல்ட் பள்ளிக்கு அடித்தார். அலுவலகத்துப் பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். "கவலையே படாதீங்க மிசஸ் காஸ்கின்ஸ். நீங்க எழுதிக் குடுத்த ஆள்கிட்டதான் ஒப்படைச்சோம்."

நீங்கள் எழுதிக் கொடுத்த ஆள். மிஸ் எர்லீன் மெரிடித்தின் எண்ணைக் கேட்டு வாங்கி அடித்தார். பதிவுக் குரல் ஒன்று பேசியது. ஒரு ஆண் உரத்த உற்சாகத்தோடு, "நாங்க வீட்ல இல்ல, சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க" என்றான். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. அந்த வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான் என்பது அப்போதுதான் அவர் புத்தியில் ஏறியது. மறுபடி அடித்தார். அதே ஆள், அதே சிரிப்பு. பதினாறு தடவை.

அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஸ்கார்ஃப் வந்தது. கையில் சிந்திய சாறு வந்தது. முகம் வரவில்லை.

"அப்படி முறைச்சுப் பாத்தா ஃபோன் பயந்துபோய் அடிக்குமா?" என்றாள் ஃபிலோமென். மிஸ் எர்லீன் திரும்பிய விதத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டாள். "என்னம்மா? யாருக்கு என்ன?"

"என் பிள்ளையை யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க. போகச் சொல்லி நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஸகியாவுக்கு வீசிங் உண்டு. பனிக்காற்று பட்டால் இழுக்கும். பையில் வைத்தால் தொலைத்துவிடுகிறாள் என்று அவளுடைய இன்ஹேலரைப் பள்ளி நர்ஸ் அறையில் கொடுத்துவைத்திருந்தார். நர்ஸ் அறையைப் பூட்டிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம், நர்ஸ் பன்னிரண்டரைக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள்.

அப்படியும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மிஸ் எர்லீன் இன்றுவரை மன்னிக்கவில்லை. "யாருன்னே தெரியாதுன்னு சொன்னாத்தான் தேடுவாங்க. சொன்னா, பொய் எழுதினவ பிள்ளைக்கு எதுக்கு இடம்னு கேப்பாங்க. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கின இடம். இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு அந்தப் பாழாப்போன ஃபோனைப் பாத்துட்டு நின்னேன். பிள்ளையைப் பணயம் வெச்சு இடத்தைக் காப்பாத்தப் பாத்தேன்."

மூன்று பத்துக்கு மிஸ்டர் பெல்லாமிக்கு அடித்தார்.

"மிஸ்டர் பெல்லாமி, நான் பொய் எழுதினேன்."

"என்ன மேடம்?"

"மூணாவது கட்டத்துல. அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது. ஒரு தடவை பாத்தேன், ஒரு வார்த்தை பேசினேன். அவங்க பேரை ஒட்டுத்தாள்ல படிச்சேன். என் பிள்ளை இப்ப எங்கன்னு எனக்குத் தெரியாது."

"அவங்களுக்குத் தெரியுமா, நீங்க பேரு எழுதினது?"

"தெரியாது."

"அப்ப எதுக்கு வந்து கூட்டிட்டுப் போனாங்க?"

அந்தக் கேள்வி மிஸ் எர்லீனுக்கு அதுவரை தோன்றவில்லை. தோன்றிய பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

மிஸ்டர் பெல்லாமியின் கார் பனியில் புதைந்திருந்தது. நடந்தே போகிறேன், அந்தத் தெரு முக்கால் மைல்தான் என்றார். மிஸ் எர்லீன் என் அம்மாவுக்கு அடித்து, கீழ் வீட்டைத் திறந்து தொலைபேசிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஸகியாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

நாலு மணிக்கு மிஸ்டர் பெல்லாமி யாரோ ஒருவர் வீட்டிலிருந்து பேசினார். குளிரில் அவருக்குச் சரியாகப் பேச்சு வரவில்லை.

"வீட்ல வெளக்கு இல்ல மேடம். கதவைத் தட்டிப் பாத்துட்டேன். கார் வந்த தடமே இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்களும் பாக்கலைங்கறாங்க. நான் போலீஸுக்குச் சொல்லிடறேன்."

மிஸ் எர்லீன் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். ஃபிலோமென் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் உலர்ந்த பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன் அழுதான். பஸ் வராது என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். வரும் என்றேன். ஸகியா பெயர் மேல் இருந்த கோடுதான் கண் முன்னால் நின்றது. நான் ஒன்றரை மணிக்கே சொல்லியிருந்தால் அப்போதே தேடியிருப்பார்கள்.

நாலரைக்குக் கீழ் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தாள்.

"வினெட் ஆன்ட்டியா? அம்மா இல்லையா?" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. "நான் ஃபயர் ஸ்டேஷன்ல இருக்கேன். மூக்குல புகை மாதிரி மருந்து வெச்சாங்க. இப்பப் பரவால்ல. அம்மாகிட்ட நான் அழலன்னு சொல்லுங்க."

நடந்தது இதுதான். பள்ளியிலிருந்து மெரிடித் ஹால்வர்சனைக் கூப்பிட்டு, உங்கள் பொறுப்பில் இருக்கும் ஸகியாவையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள் என்றிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எப்போதோ ஏதோ ஒரு தாளில் ஒப்புக்கொண்டு மறந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, "இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டார். இரண்டு பெண்களையும் காரில் ஏற்றினார். மேட்டுத் தெருவில் முன்னால் நின்ற வண்டிகளுக்குப் பின்னால் கார் சறுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அவர் கைபேசியில் சார்ஜ் இல்லை. இரண்டு மணி நேரம் காரிலேயே இருந்திருக்கிறார்கள். ஸகியாவுக்கு இழுக்க ஆரம்பித்ததும், மருந்து பள்ளியில் இருப்பதாக அவள் சொல்ல, மெரிடித் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, ப்ரிடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, தீயணைப்பு நிலையம் வரை பனியில் நடந்திருக்கிறார். ஸகியா அம்மாவின் பெயரைச் சொன்னாள். வீட்டுத் தொலைபேசி எண்ணோ, மூச்சு சீரான பிறகுதான் அவள் வாயிலிருந்து முழுதாக வந்தது.

அம்மா அந்த நிலையத்தின் எண்ணை வாங்கி மிஸ் எர்லீனுக்குக் கொடுத்தாள். அவர் ஸகியாவிடம் பேசினார். என்ன பேசினார் என்று யாருக்கும் சொன்னதில்லை. பிறகு மெரிடித் பேசினார்.

"மிசஸ் காஸ்கின்ஸ், என்னை மன்னிச்சிடுங்க. நான் உங்களுக்கு ஒப்புக்கிட்டதையே மறந்துட்டேன்."

"நீங்க ஒப்புக்கவே இல்ல. உங்களைக் கேக்காம நானே எழுதிட்டேன்."

"அப்படியா? ஏன் என் பேரு?"

"அந்தக் கூடத்துல கதவுப் பக்கம் வந்தது நீங்க ஒருத்திதான்."

மெரிடித்துக்குப் பின்னால் யாரோ தீயணைப்பு வண்டியின் சக்கரச் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பஸ் ஐந்தரைக்கு வரும், ஆனால் வீடு சேர எத்தனை மணி ஆகும் என்று தெரியாது, இந்த மூச்சோடு பிள்ளையை அதில் ஏற்ற வேண்டாம் என்று நிலையத்தில் சொல்கிறார்கள், இன்று ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றார் மெரிடித்.

அங்கேதான் அந்தக் கேள்விகள் தொடங்கின.

"உங்க வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?"

"நான், ப்ரிடா. என் வீட்டுக்காரர் வேலையா சிகாகோவுல இருக்காரு. ஞாயித்துக்கிழமைதான் வருவாரு."

"அவ எங்க படுப்பா?"

"ப்ரிடா ரூம்ல. மாடியில."

"பூனை இருக்கா? பூனை ஆகாது அவளுக்கு."

"இல்ல. மீன்தான் இருக்கு."

"துப்பாக்கி இருக்கா?"

மெரிடித் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இருக்கு. அவரு வேட்டைக்குப் போவாரு. நிலவறைப் பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு."

மிஸ் எர்லீன் கண்ணை மூடிக்கொண்டார் என்றாள் ஃபிலோமென். வேண்டாம் என்றால் பஸ். சரி என்றால் துப்பாக்கி இருக்கும் வீடு. வேறு வழி அந்த ஊரில் அவருக்கு இல்லை.

"நீங்களும் அந்த ரூம்லயே படுங்க. அவ மூச்சு விடுறதைக் கேட்டுட்டே படுங்க. சாவியைக் கழுத்துல போட்டுக்குங்க."

"சரி."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம் நீங்க. துப்பாக்கி விஷயத்தை."

"நீங்களும் அட்டை விஷயத்தைச் சொல்லாம விட்டிருக்கலாம்."

நாங்கள் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது மிஸ் எர்லீன் எங்கள் சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் போய், எனக்கு ஒன்றரை மணிக்கே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை என்றேன். "எனக்கு ரெண்டு மணியில இருந்து தெரியும்" என்றார். "உக்காரு. சாப்பிடு."

காலையில் முதல் ரயிலைப் பிடித்து, அதன் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்து மிஸ்டர் பெல்லாமியின் காரில் ஆல்டன்ஃபீல்ட் போனார். வழியில் ஸகியாவின் இடத்தைப் பற்றிக் கேட்டார். எடுத்துவிடுவார்களா?

"அந்த அட்டையை வாங்கி வெச்சது நான்தான் மேடம். கட்டம் நெறஞ்சிருந்தா அதுக்கு மேல நான் பாக்கறதில்ல. மத்த அட்டைகளை நேத்து ராத்திரி எடுத்துப் பாத்தேன். இன்னும் ஒம்போது பேரு உங்களை மாதிரிதான் எழுதியிருப்பாங்கன்னு தோணுது. உங்களைத் தூக்கினா என்னையும் தூக்கணும்."

அந்த வீட்டில் அவர் உட்காரவில்லை. ஸகியாவின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். மாடிக்குப் போய்ப் படுத்த இடத்தைப் பார்த்தார். நிலவறைக்கு இறங்கி அந்தப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். மெரிடித் கோபப்படாமல் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டே பின்னால் போனாராம். அவர் கழுத்தில் சாவி தொங்கியது.

வாசலில் மிஸ் எர்லீன் சொன்னார்: "இப்ப நீங்க எங்க வீட்டுக்கு வரணும்."

"வர்றேன், கண்டிப்பா" என்றார் மெரிடித். "எங்க இருக்கீங்க? மட்டபானா?"

"மட்டபான்தான்."

"அங்க... கார் நிறுத்த இடம் இருக்கா?"

"கார் நிறுத்த இடம் கேக்கறீங்களா, இல்ல வேற ஏதாவது கேக்கறீங்களா?"

மெரிடித் தரையைப் பார்த்தார். "வேற ஏதாவதுதான்" என்றார்.

ஜனவரி முதல் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். அன்று காலை ஃபோன் பண்ணி, ப்ரிடாவுக்கு ஜலதோஷம் என்றார். மிஸ் எர்லீன் செய்துவைத்திருந்த மக்ரோனியை நாங்கள் இரண்டு நாள் தின்றோம். "வரமாட்டா" என்றாள் அம்மா. "வரலைன்னா அந்தக் கட்டத்துல இருந்து பேரை அடிச்சிடுவேன். அவ பயத்துல இருக்கறப்ப என் பிள்ளையை எப்படி நம்பி விடுறது?" என்றார் மிஸ் எர்லீன்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். காரைப் பூட்டினார், இரண்டடி நடந்தார், திரும்பிப் போய்ப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். எதிர் மளிகைக்கடை வாசலில் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் ப்ரிடாவின் கையை இறுக்கியதில் அந்தப் பெண் "அம்மா, வலிக்குது" என்றாள்.

மிஸ் எர்லீன் கதவைத் திறந்து வெளியே வந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. மெரிடித்தை அந்தக் கடைக்கே கூட்டிப்போனார். "இவங்க மெரிடித், ஸகியாவோட ஆளு. இவங்க இங்க நின்னா நான் நிக்கிற மாதிரி" என்று கடைக்காரரிடம் சொன்னார். வாசலில் நின்றவர்களையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். பிறகுதான் வீட்டுக்குள் அழைத்துவந்தார்.

சோள ரொட்டியும் மக்ரோனியும் சூடாக இருந்தன. பிள்ளைகள் இரண்டும் உள்ளறையில் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மெரிடித் கோட்டைக் கழற்றவில்லை. தெருவில் ஒரு சைரன் போனது. அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"ஆம்புலன்ஸ்" என்றார் மிஸ் எர்லீன். "எனக்கும் அந்தச் சத்தம் ஆகாது. இன்னும் கேக்க வேண்டியது இருந்தா கேளுங்க. நான் உங்க வீட்ல எல்லாத்தையும் கேட்டேனே."

மெரிடித் மெதுவாக உட்கார்ந்தார். ப்ரிடா இருந்த அறையின் கதவைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"அந்த ஜன்னல்," என்றார். "அது உள்பக்கமாப் பூட்டுமா?"

மிஸ் எர்லீன் எழுந்து போய்ப் பூட்டிக் காட்டினார்.